வலது குழாய்

இதுவா? மருந்து டப்பா இல்ல தம்பி. என் வீட்டுக்காரியோட குழாய். கருக்குழாய், வலது பக்கத்துது. பன்னெண்டு மணி வாக்குல எடுத்தாங்க.

பயப்படாதீங்க. மூடி இறுக்கமாத்தான் இருக்கு, ரெண்டு தடவை திருகிப் பாத்துட்டேன். உக்காருங்க. அங்க வேணாம், அங்க ஃபேன் காத்து வராது. இப்படித் தள்ளி வாங்க. லேப்காரங்க சாப்பிடப் போயிட்டாங்க, ரெண்டு மணிக்குத்தான் ஜன்னலைத் திறப்பாங்களாம். நீங்க என்னத்துக்கு? ரத்தச் சீட்டா. வீட்டம்மா எங்க? ஓ, எக்ஸ்ரே ரூம்ல. டை மருந்து ஊத்தி எடுக்குற எக்ஸ்ரேதான? சரி சரி. நாங்களும் அங்க ஆரம்பிச்சவங்கதான்.

கல்யாணமாகி எத்தனை வருஷம்? மூணா. மூணெல்லாம் ஒண்ணுமே இல்ல தம்பி. எங்களுக்குப் பதினொண்ணு.

நீங்க இன்னும் இந்த டப்பாவையே பாக்குறீங்க. இது இங்க வழக்கம். ஆபரேஷன் முடிஞ்சதும் தியேட்டர் கதவைப் பாதி திறந்து, "செண்பகவல்லி அட்டெண்டர் யாரு?"ன்னு கூப்பிடுவாங்க. ஓடுனா, ஒரு தட்டுல வச்சுக் காட்டுவாங்க. இதுதான் எடுத்தோம், பாத்துக்கோங்கன்னு. நாம தலையாட்டணும். வேற என்னத்தைச் சொல்றது, கறிக்கடையிலயா நிக்கிறோம், நல்லா இருக்கு, போடுங்கன்னு சொல்ல? அப்புறம் டப்பாவுல போட்டு, மருந்துத் தண்ணி ஊத்தி, ஒரு சீட்டோட நம்ம கையிலயே குடுத்துருவாங்க. லேபுல கொண்டு போய்க் குடு, கையெழுத்துப் போடுன்னு. இடது பக்கத்துக் குழாயையும் நான்தான் சுமந்துட்டு வந்தேன். அது ரெண்டு வருஷம் முன்னாடி. இதே பெஞ்சுதான்.

என்னமா இருந்துச்சுன்னு கேக்குறீங்களா? ஒண்ணும் இல்ல. மொதத் தடவை பச்சத் தண்ணி கூட இறங்கல. இன்னைக்கு ஒண்ணுமே தோணல. நர்ஸு காட்டுச்சு, பாத்தேன். வாங்கிட்டேன். படி இறங்கி வந்துட்டேன். வர்ற வழியில கேண்டீன்ல வடை போட்டுட்டு இருந்தான், ரெண்டு வாங்கித் தின்னுட்டும் வந்தேன். டப்பாவை இந்தக் கையில வச்சுக்கிட்டு அந்தக் கையில வடை. மரத்துப் போச்சு தம்பி. அவ்வளவுதான்.

எனக்கு ஊரு கோவில்பட்டி. ரத்தினவேல்னு பேரு. மெடிக்கல் ஷாப் வச்சிருக்கேன், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்த சந்துல. மருந்துக்குப் படிச்சவன்தான், போர்டுக்குப் பேரை வாடகைக்கு வாங்கி மாட்டுன ஆளு கிடையாது. எப்பேர்ப்பட்ட டாக்டர் கிறுக்கலா இருந்தாலும் படிச்சுருவேன். கோழி கிளறுன மாதிரி எழுதுவாங்கல்ல, அதைக் கொண்டு வந்து நீட்டுவாங்க, தண்ணிபட்ட பாடு எனக்கு. அதே மாதிரி சீட்டு இல்லாம ஒரு மாத்திரை எடுத்துக் குடுக்க மாட்டேன். என் கூட்டாளிங்க கேலி பண்ணுவானுங்க. ஆயிரம் பேரைக் கொன்னவன் அரை வைத்தியன், நீ இன்னும் நூறைத் தாண்டலையாடேன்னு. சிரிச்சுக்குவேன்.

அதான் உங்களுக்குச் சொல்றேன், தெரிஞ்சவன் சொன்னா கேட்டுக்கோங்க. எக்ஸ்ரேல டை ரெண்டு பக்கமும் வழிஞ்சு ஓடிச்சுன்னா குழாய் நல்லா இருக்குன்னு அர்த்தம். ஓடலைன்னா அடைப்பு. அடைப்புலயும் இருக்கு. கருப்பைக்கு ஒட்டுன பக்கம் அடைப்புன்னா பெரிசா பயப்பட வேணாம், மெல்லிசா ஒரு கம்பி விட்டே எடுத்துப் பாப்பாங்க. நுனியில அடைச்சிருந்தா வயித்துல ஓட்டை போட்டு, நுனியைப் பிரிச்சு விடுவாங்க. பூ மலர்த்துற மாதிரின்னு டாக்டரம்மா சொன்னாங்க. குழாய் வீங்கி, தண்ணி கோத்து, வீணாப் போச்சுன்னா அதை வெட்டி எடுத்துருவாங்க. வச்சிருந்தா அந்தத் தண்ணி கருப்பைக்குள்ள வடிஞ்சு, டெஸ்ட் ட்யூப்ல வைக்கிற கருவையும் கெடுத்துரும். பிள்ளை வரணும்னா பிள்ளை வர்ற வழியை எடுக்கணும். எப்படி இருக்கு பாருங்க கதை.

எங்களுக்கு ரெண்டு பக்கமும் நுனியில அடைப்பு. நாலு வருஷம் முன்னாடி பிரிச்சு விட்டாங்க. ரெண்டு வருஷம் காத்திருந்தோம். நாள் தள்ளிப் போச்சு. எனக்குக் கால் தரையில நிக்கல. செண்பகத்துக்கு நானே மாம்பழம் வாங்கிட்டுப் போனேன். அவ அப்படி ஒண்ணும் குதிக்கல. "பாப்போம்"னா. அவ்வளவுதான் சொன்னா. ஆறாவது வாரம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு அடுப்படியில சாஞ்சுட்டா. கரு குழாயிலயே தங்கி, வெடிச்சுப் போச்சு. உள்ளயே ஒரு லிட்டர் ரத்தம். அன்னைக்கு எடுத்ததுதான் இடது பக்கம். தலைக்கு வந்தது தலைப்பாவோட போச்சுன்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அதையேதான் சொன்னேன்.

இதுக்கு என்ன காரணம்னு கேக்காத டாக்டர் கிடையாது. குழாய் சும்மா அடைக்காதாம். கிருமி ஏறியிருக்கணுமாம். ஒவ்வொரு இடத்துலயும் அதே கேள்வி. முன்னாடி எப்பவாச்சும் கர்ப்பமா இருந்தீங்களாம்மா, கலைச்சீங்களா, காய்ச்சல் வந்துச்சா. செண்பகம் என் மூஞ்சியைப் பாப்பா. நான் சொல்லிருவேன், அதெல்லாம் இல்ல மேடம்னு. அவளை எதுக்குப் போட்டுக் குடையணும்? உங்களுக்கும் சொல்றேன், வீட்டம்மாவை உள்ள கூப்பிட்டா நீங்களும் கூடவே போங்க. தனியா விடாதீங்க. கேள்வி மேல கேள்வி கேட்டுக் குழப்பி விட்டுருவாங்க, பொம்பளைங்க பயத்துல எதையாச்சும் உளறி வைப்பாங்க.

அப்படி நான் எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு சொன்னதும், அப்ப டிபியாத்தான் இருக்கணும்னு ஒரு டாக்டர் முடிவு பண்ணாரு. குழாய்க்கும் டிபி வருமாம். டெஸ்ட்ல தெளிவா ஒண்ணும் வரல, சந்தேகத்துக்கு மருந்து ஆரம்பிச்சுருவோம்னாரு. ஆறு மாசம். எங்க கடையில இருந்துதான் குடுத்தேன், ஒரு நாள் தவறாம நானே எண்ணிக் கையில போட்டேன். ஒண்ணுக்கு ரத்தம் மாதிரிச் சிவப்பாப் போகும். சாப்பிட்டதெல்லாம் வாந்தி. நாப்பத்தொரு கிலோவுக்கு வந்துட்டா. அவ ஒரு வார்த்தை முனகணுமே. தட்டு மாதிரி கையை நீட்டுவா, போட்டுக்குவா. பொறுமைசாலி தம்பி. அந்த விஷயத்துல நான் குடுத்து வச்சவன்.

என்ன அப்படிப் பாக்குறீங்க?

இல்ல, முன்னாடி எப்பவாச்சும் தங்குச்சான்னு நீங்க கேட்டதுனால சொல்றேன். உங்ககிட்ட என்ன, நாளைக்கு நீங்க யாரோ நான் யாரோ. ஒரு தடவை தங்குச்சுதான். கல்யாணமான புதுசுல. ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல.

தையில கல்யாணம். அதுக்கு முந்தியே வீடு ஆரம்பிச்சாச்சு, அஸ்திவாரம் மேல வரைக்கும் வந்துருச்சு. வைகாசி இருபத்தி நாலாம் தேதி வாசல் நிலை வைக்க நாள் குறிச்சிருந்தோம். தேக்கு நிலை. காரைக்குடியில ஒரு பழைய வீட்டை இடிச்சப்ப ஆளைப் பிடிச்சு வாங்குனது, அப்படி ஒரு வேலைப்பாடு. சித்திரை கடைசியில செண்பகம் வந்து காதுல சொல்றா, நாள் தள்ளிப் போயிருக்குன்னு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னா. எனக்கு உடனே நிலைதான் ஞாபகம் வந்துச்சு. உங்களுக்குத் தெரியும்ல? பொண்டாட்டி முழுகாம இருந்தா புருஷன்காரன் நிலை வைக்கக் கூடாது. வீட்டு வேலையே தொடக் கூடாது. எங்கப்பா இந்த விஷயத்துல வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டு. தெரிஞ்சா அப்படியே நிப்பாட்டுன்னுருவாரு. பிள்ளை பிறந்து, தீட்டுக் கழிஞ்சு, மறுபடி நாள் பாத்து... ஒன்றரை வருஷம் ஓடிரும். அதுக்குள்ள ரெண்டு மழை. செங்கலு பாசி பிடிச்சுரும். கொத்தனார் வேற வேலைக்குப் போயிருவாரு, அவரை மறுபடி பிடிக்க முடியுமா சொல்லுங்க.

அதனால இப்ப வேணாம், அடுத்த வருஷம் பாத்துக்குவோம்னு சொன்னேன். நமக்கென்ன வயசா போச்சு? எனக்கு முப்பது, அவளுக்கு இருபத்திரண்டு. அவ "நெசமாவா?"ன்னு ஒரு தடவை கேட்டா. ஆமான்னேன். அதுக்கப்புறம் கேக்கல. எங்க அப்பா அம்மாவுக்கும் தெரியாது, அவங்க வீட்டுக்கும் தெரியாது. நாங்க ரெண்டு பேரு மட்டும்தான்.

எதுக்கு ஆஸ்பத்திரி? அங்க போனா ஸ்கேன் எடு, கையெழுத்துப் போடுன்னு கூட்டம் கூட்டுவாங்க. எங்க ஊர்ல நான் எந்த ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சாலும் வாட்ச்மேன்ல இருந்து எல்லாருக்கும் என்னையத் தெரியும், சாயங்காலத்துக்குள்ள அப்பா காதுக்குப் போயிரும். மாத்திரை நம்மகிட்டயே இருக்கு. எடுத்துட்டுப் போயிக் குடுத்தேன். ரெண்டு நாள்ல வந்துருச்சு. முடிஞ்சு போச்சுன்னுதான் நினைச்சேன்.

காய்ச்சல் வந்தது நெசம். இல்லைன்னு சொல்லல. பத்து நாள் இருந்துச்சு, கீழ் வயிறு வலிக்குதுன்னா. நான் என்ன சும்மாவா விட்டேன்? இருக்குறதுலயே நல்ல கம்பெனி மருந்தாப் பாத்து குடுத்தேன். ஒண்ணு கேக்கலைன்னு இன்னொண்ணு மாத்துனேன். பத்தாம் நாள் இறங்கிருச்சு. டாக்டர்கிட்ட போயிருந்தாலும் அவங்களும் அதேதான எழுதியிருப்பாங்க.

நிலை வைக்கிற அன்னைக்கு அவளுக்கு நூத்தி ரெண்டு. ஐயர் வந்துட்டாரு, கொத்தனார் குளிச்சுட்டு வந்து நிக்கிறாரு, சொந்தக்காரங்க எல்லாரும் வந்தாச்சு. நிலைக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைக்க வீட்டு மருமகதான வரணும்? வந்தா. பட்டுச்சேலை கட்டி, தலை நிறையப் பூ வச்சு. பூசுனா. நான் பக்கத்துல நின்னு தேங்காய்த் தட்டைப் பிடிச்சிருந்தேன், அவ கை பட்டுச்சு, கொதிச்சுச்சு. மேல் சட்டத்துக்கு எட்டிப் பூசும்போது நிலையை ஒரு கையால கெட்டியாப் பிடிச்சுக்கிட்டா. எங்க சித்தி சொன்னாங்க, பாருடி, வீட்டை விட மாட்டேங்குறா மருமகன்னு. எல்லாரும் சிரிச்சாங்க. அவ விழுந்துராம இருக்கத்தான் பிடிச்சிருந்தா. எனக்குத் தெரியும்.

ஆனா அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல தம்பி.

வீடு நல்லா அமைஞ்சுருச்சு. பொய் சொல்லக் கூடாது. கீழ ரெண்டு ரூமு, மாடியில ஒரு ரூமு. மாடி ரூமு பிள்ளைங்களுக்குன்னு போட்டது, ஜன்னல் தாழ்வா வச்சோம், எட்டிப் பாக்கட்டும்னு. இப்ப கடைச் சரக்கு கிடக்கு. பால் பவுடர் டின்னு, டயபர் பெட்டி, கிரைப் வாட்டர். கடையில இடம் பத்தல, என்ன பண்றது? காலையில நான் போன் பண்ணுவேன், இன்ன சைஸ் டயபர் ரெண்டு கட்டு கீழ எடுத்து வையின்னு. அவ மாடி ஏறி எடுத்து வந்து வாசல்ல வைப்பா. கடைப் பையன் வண்டியில வந்து எடுத்துட்டுப் போவான். எந்தப் பெட்டி எந்த மூலையில இருக்குன்னு எனக்கே தெரியாது, அவளுக்குத்தான் தெரியும்.

சண்டையெல்லாம் கிடையாது எங்களுக்குள்ள. அவ பேச மாட்டா. சாப்பாடு வைப்பா, துணி மடிப்பா. வளைகாப்புக்கு யாராச்சும் வந்து பத்திரிகை குடுத்தா வாங்கி வச்சுக்குவா, போக மாட்டா. நானும் போன்னு சொல்ல மாட்டேன். அழுவாளான்னா அழவும் மாட்டா. ஒரு தடவை இடது பக்கம் எடுத்துட்டு வீட்டுக்கு வந்தப்ப, ஆட்டோவுல இருந்து இறங்கி உள்ள போகாம வாசல்லயே நின்னா. என்னன்னு கேட்டேன். "இந்த நிலை நல்ல மரம்"னா. ஆமா, தேக்குல்லன்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?

இன்னைக்குத்தான் கொஞ்சம் பேசுனா. காலையில தியேட்டருக்குக் கொண்டு போறதுக்கு முன்னாடி, நீங்க கீழ மருந்துக் கடைக்குப் போயிட்டு வாங்க, ஊசியெல்லாம் சரியா குடுத்திருக்காங்களான்னு பாருங்கன்னா. அவளா சொன்னது. எனக்கும் அது மனசுலயே இருந்துச்சு. கீழ போனா நான் நினைச்சது சரிதான், ஒரு ஊசி மருந்து தேதி முடியப் போறதா குடுத்திருந்தான். அங்க நின்னு மல்லுக்கட்டி மாத்தி வாங்கிட்டு வர இருபது நிமிஷம் ஆச்சு. வந்து பாக்குறேன், டாக்டரம்மா அவ கட்டில்ல உக்காந்திருக்காங்க. நின்னுக்கிட்டே பேசிட்டுப் போறவங்க, உக்காந்திருக்காங்க. என்னையப் பாத்ததும் எந்திரிச்சாங்க. வழக்கமா "வாங்க ரத்தினவேல்"னு சொல்லுவாங்க. இன்னைக்கு நேரா வெளிய போயிட்டாங்க. வேலை டென்ஷனா இருக்கும்.

முடிச்சு வெளிய கொண்டு வந்தப்ப மயக்கத்துல கண்ணைத் திறந்தா. "எடுத்துட்டாங்களா?"ன்னு கேட்டா. எடுத்துட்டாங்கன்னேன். "அப்பாடா"ன்னா. அப்புறம் சுவத்துப் பக்கம் திரும்பிக்கிட்டா. ரெண்டு மாசத்துல டெஸ்ட் ட்யூப் ஆரம்பிச்சுரலாம் செண்பகம், இனிமே கெடுக்குறதுக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னேன். இந்தத் தடவை மட்டும் தங்கிருச்சுன்னா போதும் தம்பி. எனக்கு வேற ஒண்ணுமே வேணாம். ஒரு பிள்ளை. அது வந்துட்டா எல்லாம் சரியாப் போயிரும், அவளும் பேச ஆரம்பிச்சுருவா.

உள்ள லைட்டு போட்டுட்டாங்க பாருங்க. இப்ப திறந்துருவாங்க. சீட்டை எடுத்து வச்சுக்குவோம், மடிச்சுக் குடுத்தாங்க, நான் பிரிக்கவே இல்ல.

இந்தாங்க, இந்த எழுத்தை உங்களால படிக்க முடியுதா? முடியாதுல்ல. நான் படிக்கிறேன் கேளுங்க. இங்கிலீஷ்ல இருக்கு, தமிழ்லயே சொல்றேன். செண்பகவல்லி, வயசு முப்பத்து மூணு. அனுப்புறது வலது கருக்குழாய், நீர் கோத்தது. இடது குழாய் ரெண்டு வருஷம் முன்னாடி எடுத்தது. டிபி மருந்து ஆறு மாசம். எல்லாம் சரியா எழுதியிருக்காங்க. அடுத்தது, கர்ப்பம்... ரெண்டுன்னு போட்டிருக்காங்க. தப்பு. குழாயில தங்குனது ஒண்ணுதான. நான் ஒண்ணுன்னுதான எல்லா இடத்துலயும்...

இருங்க.

முதல் கர்ப்பம், பதினோரு வருஷம் முன்னாடி. ரெண்டு மாசத்துக்குள்ள. வீட்டில் மாத்திரை. கணவர் கொடுத்தது. பிறகு பத்து நாள் காய்ச்சல், வயிற்று வலி. மருத்துவரிடம் காட்டவில்லை. இந்த வரிக்குக் கீழ கோடு போட்டிருக்காங்க. கோடு போட்டுப் பக்கத்துல, டிபி மருந்து தேவைப்பட்டிருக்காதுன்னு...

ஊசி மாத்தப் போனேன்ல. அப்ப சொல்லியிருக்கா. இருபது நிமிஷம்.

தம்பி, பேனா வச்சிருக்கீங்களா? குடுங்க. ஒரு வரி தான். அடிச்சுட்டா யாருக்குத் தெரியப் போகுது, லேப்ல இருக்குற பிள்ளை இதையெல்லாமா பாக்கப் போகுது?

இல்ல. வேணாம். டாக்டர் எழுதுன சீட்டுல கை வைக்கக் கூடாது. இத்தனை வருஷத்துல ஒரு சீட்டுலயும் நான் கை வச்சதில்ல. சீட்டு இல்லாம ஒரு மாத்திரை குடுத்ததும் இல்ல.

அன்னைக்குக் குடுத்தேன்.

கூப்பிடுறாங்க பாருங்க. "செண்பகவல்லி, கூட வந்தவங்க யாரு?" வந்துட்டேம்மா, ஒரு நிமிஷம். கையெழுத்துப் போடணுமாம். எங்க போடணும்? இங்கயா... அந்த வரிக்கு நேர் கீழதான் இடம் விட்டிருக்காங்க. கூட வந்தவர் பேரு, உறவுமுறை, கையெழுத்து. பேனா இருக்கட்டும் தம்பி, போட்டுட்டுத் தர்றேன். இந்த டப்பாவை மட்டும் கொஞ்சம் பிடிங்க. ஒத்தக் கையால வேணாம், ரெண்டு கையாலயும் பிடிங்க.